விடுபட்ட ஏழு

1990 நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, அசீனா ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு கிலோ பால்கோவா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ராஜபாளையம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். பொட்டலத்தின் சூடு சேலையைத் தாண்டி இறங்கியது. வாங்கி வரச் சொன்னவர் அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி, பேராசிரியர் சமுத்திரம். முந்தின நாள் அவள் வேலை பார்க்கும் கல்லூரிக்கே போன் போட்டிருந்தார். "டிபார்ட்மென்ட்ல ஒரு சந்தோஷம் இருக்கும்மா. நீங்க அந்த ஊர்ல இருந்துதானே வாரீங்க, அன்னிக்குக் கிண்டினதாப் பார்த்து வாங்கியாங்க."

என்ன சந்தோஷம் என்று அவள் கேட்கவில்லை. அவர் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கூடி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பெண் நல்லபடியாக வாழ வேண்டும் என்று பஸ்ஸில் வைத்தே துஆவும் செய்தாள்.

ராஜபாளையம் கல்லூரியின் கணிதத் துறையில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். சமுத்திரம் பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, தன் கையாலேயே எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தார். அவளுக்கும் கொடுத்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து பச்சை அட்டை போட்ட மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்து, 'வாழ்த்துகளுடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"நம்ம கட்டுரை வந்திருச்சும்மா. பெரிய பத்திரிகை. இந்தப் பக்கத்துக் கல்லூரிகள்ல இதுல எழுதின மொத ஆளு நான்தானாம்."

அசீனா பிரித்துப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தில் அவளுடைய பரப்பு இருந்தது. மூன்றாம் பக்கத்தில் அவளுடைய முறை, அவள் வைத்த அதே எழுத்துக் குறிகளோடு. ஐந்தாம் பக்கத்தில் அவளுடைய அட்டவணை. எழுதியவர் என்று ஒரே பெயர்தான் இருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: தட்டச்சு செய்து உதவிய திருமதி அசீனாவுக்கு நன்றி.

வாயிலிருந்த பால்கோவாவை அவளால் விழுங்க முடியவில்லை. துப்பவும் முடியவில்லை. தன் வீட்டில் களவு போனதைக் கொண்டாட, தானே இனிப்பு சுமந்து வந்திருக்கிறாள் என்று அந்த இடத்தில் அவளுக்குப் புரிந்தது.

களவு போனது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். கடினமில்லை.

ஒரு மெல்லிய துணி தன்னையே ஊடுருவிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தறியில் நெய்த துணியால் அது முடியாது, சமன்பாட்டால் முடியும். ஊடுருவும் இடங்களெல்லாம் சேர்ந்து ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டைப் பிடித்துக் கீழே வந்தால் ஓரிடத்தில் இரண்டு மடிப்பும் ஒட்டிப்போய்த் துணி முடிந்துவிடும். கோடு மட்டும் துணியில்லாமல் மேலும் கீழே நீளும், குடைக்குக் கைப்பிடி மாதிரி. கணிதக்காரர்களும் அதைக் குடை என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தக் குடையை ஓர் இயற்கணிதக் கோவையைக் கொண்டு வெட்டலாம். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வெட்டு. எண் மெல்ல மாறினால் வெட்டின் வடிவமும் மெல்ல நெளியும். ஆனால் சில எண்களில் மட்டும் வடிவம் பட்டென்று வேறாகிவிடும். அந்த எண்களை ஒன்று விடாமல் கண்டுபிடிப்பதுதான் வேலை. துணி வழவழப்பாக இருக்கும் இடத்தில் பழைய சூத்திரமே போதும். துணி தன்னை வெட்டிக்கொள்ளும் கோட்டுக்கு வந்தால் அதே சூத்திரம் உளற ஆரம்பிக்கும், இங்கே எல்லா இடமும் மாறும் இடம்தான் என்று. ஆகவே முதலில் துணியும் கோடும் சேர்ந்த அந்தப் பரப்பைத் தனித்தனி அடுக்குகளாகப் பிரிக்க வேண்டும். பிறகு ஒவ்வோர் அடுக்கிலும் தனியாகத் தேட வேண்டும். கண்ணால் பார்த்துப் பிரித்தால் போதாது. நாலு, ஐந்து மாறிகள் வந்துவிட்டால் பார்க்கக் கண் ஏது? சமன்பாட்டை மட்டும் வைத்துக் கம்ப்யூட்டரே பிரித்துத் தர ஒரு முறை வேண்டும். அதுதான் அசீனாவின் ஐந்து வருடம். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரியில் பாடம், மாலையில் வீடு, நடுவே கிடைத்த நேரமெல்லாம் இது.

தலைப்பைச் சொன்னவர் சமுத்திரம். அதை மறைக்க வேண்டியதில்லை. அதற்குமேல் அவர் ஒரு வரி சொன்னதில்லை.

கம்ப்யூட்டர் அவள் கல்லூரியிலும் இல்லை, அவர் கல்லூரியிலும் இல்லை. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இருந்தது. எந்த ஷிப்டில் எத்தனை கூம்பு நூல் இறங்கியது என்று அதில் பதிவார்கள். அந்த அறையின் பொறுப்பாளர் மலைச்சாமி. மம்சாபுரத்துக்காரர். ராணுவத்தில் சிக்னல் பிரிவில் பதினெட்டு வருடம் கம்பி இழுத்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் இயந்திரம் ஒரு மணி நேரம் சும்மா இருக்கும். அந்த நேரத்தை அவளுக்குக் கொடுக்கலாமா என்று அவரே மேனேஜரிடம் கேட்டு எழுத்தில் அனுமதி வாங்கினார்.

"எழுத்துல எதுக்குண்ணே? வாயால சொன்னாப் போதாதா?" என்று அசீனா கேட்டாள்.

"வாயால சொன்னது வாயோட போயிரும் டீச்சரம்மா. கேட்ல வரும்போதும் கையெழுத்து, போகும்போதும் கையெழுத்து. என் ரூமுல இருந்து எந்தத் தாளு வெளிய போனாலும் மூணாவது காப்பி பைலுக்கு வரணும். உங்களுதுன்னாலும் சரி, ஓனரோடதுன்னாலும் சரி."

அச்சு இயந்திரத்தில் போகும் தாள் மூன்று மடிப்பு, நடுவே கார்பன். முதல் இரண்டையும் அவளிடம் கிழித்துக் கொடுப்பார். மூன்றாவதில் தேதி முத்திரை குத்தி, அவளிடம் கையெழுத்து வாங்கி, துளை போட்டு அடுக்குவார். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. யாருக்கும் புரியாத எண்களைக் கோவில் நகை மாதிரிப் பூட்டி வைக்கிறாரே!

அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் லுஹர் தொழுகையும் வரும். முதல் சனிக்கிழமை அவள் கடிகாரத்தை இரண்டு முறை பார்த்ததை அவர் கவனித்துவிட்டார். மறுவாரம் அவள் வந்தபோது தாள் பெட்டிகளுக்குப் பின்னால் தரை துடைத்திருந்தது. புதுத் துண்டு ஒன்று மடித்து வைத்திருந்தது. "மேற்கு அந்தப் பக்கம். காம்பஸ் வச்சுப் பார்த்துட்டேன்" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசியதே இல்லை. இப்படிப்பட்ட மனிதர்கள் இருக்கிற ஊரில்தான் சமுத்திரமும் இருந்தார்.

1989 மே 13, சனிக்கிழமை, அவள் எழுதிய கம்ப்யூட்டர் நிரல் முதல் முறையாக முழுதும் ஓடியது. அடுக்கு ஒன்று, துணி: இரண்டு, ஆறு. அடுக்கு இரண்டு, கோடு: மூன்று. வேலை முடிந்தது என்று அச்சடித்து நின்றது. திங்கட்கிழமை அதைச் சமுத்திரத்தின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை, தனக்குத்தான் பெருமை என்பதுபோல மலைச்சாமி அந்தக் குடையை வரைந்து காட்டச் சொன்னார். வரைந்தாள். செத்த நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"துணி இருக்கிற கம்பி, துணி இல்லாத கம்பி. ரெண்டையும் ஒரே லைனுன்னு எழுதியிருக்கீக?"

"ஒரே கோடுதாண்ணே. நேரா இருக்கு, எங்கயும் முறியல."

"கம்பி முறியல, சரி. அதுல துணி வந்து சேருதுல்லா, அந்த எடம்? நாங்க லைன் செக் பண்ணப் போனா, கம்பி நல்லாருக்குன்னு மட்டும் பார்த்துட்டுத் திரும்ப மாட்டோம். சேருற எடத்தைத் தனியாப் பார்க்கலேன்னா சுபேதார் தோலை உரிச்சிருவாரு."

அசீனா வரைந்த தாளை இழுத்து மறுபடி பார்த்தாள். கோடு தன்னளவில் வழவழப்பாக இருக்கிறதா என்று மட்டும்தான் அவள் நிரல் பார்த்திருந்தது. துணி கோட்டோடு எப்படிச் சேருகிறது என்று பார்க்கவே இல்லை. அந்த முனை தனி அடுக்கு. அங்கே கோவையின் மதிப்பு ஏழு. ஏழுக்குக் கொஞ்சம் கீழே வெட்டினால் வெட்டில் ஒரு சிறு வளையம் தெரியும். ஏழில் அந்த வளையம் சுருங்கி ஒரு கூர்மையாகிவிடும். ஏழைத் தாண்டினால் கூர்மையும் மறைந்து, வளைகோடு ஒரு பக்கம், தன்னந்தனியாக ஒரு புள்ளி ஒரு பக்கம். இவ்வளவு நடக்கிற இடத்தைத்தான் அவள் விட்டிருந்தாள்.

அன்றே சோதனையைச் சேர்த்தாள். சேர்த்து ஓட்டியதில் நாலு எண்களும் வந்தன: இரண்டு, மூன்று, ஆறு, ஏழு. அந்த ஒரு நாள் மட்டும் சாப்பாட்டு நேரம் தாண்டியும் இயந்திரத்தை அவளுக்கு விட்டுவைத்தார் மலைச்சாமி. தாமதத்துக்கான காரணத்தைப் பதிவேட்டில் தன் பெயரில் எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை, மே 22, திருத்திய தாளைச் சமுத்திரத்திடம் கொண்டுபோனாள். காபி குடித்துக்கொண்டிருந்தார். "வச்சிட்டுப் போங்கம்மா, பார்ப்போம்" என்றார். பார்க்கவில்லை. பழைய தாள் அதற்குள் கட்டுரையாகிக் கொண்டிருந்தது.

இப்போது அந்தக் கட்டுரையின் ஐந்தாம் பக்கத்தில் இரண்டு, மூன்று, ஆறு என்று அச்சாகியிருந்தது. ஏழு இல்லை.

எல்லோரும் கை கழுவிப் போன பிறகு அவள் சமுத்திரத்தின் மேசை முன்னால் நின்றாள்.

"சார், இது என் கணக்கு."

"நம்ம கணக்கும்மா. எங்கிட்டப் பதிஞ்சுதானே பண்ணுதீங்க? என் டிபார்ட்மென்ட்ல வெளைஞ்சது என் வெள்ளாமைதானே?"

"நான் டைப் அடிச்சதா எழுதியிருக்கீங்க."

"நன்றி சொன்னதுக்கா கோவிச்சுக்கிடுதீங்க? மத்தவன்னா அதுகூடப் போட மாட்டான்."

"தப்பாவும் இருக்கு. ஏழு இல்ல. திருத்தின தாளை நான் உங்க வீட்டுல கொண்டாந்து குடுத்தேன்."

அவர் முகம் மாறவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். உங்க ஆய்வேட்டுல இந்த முறை வர்ற எடத்துல எல்லாம் என் கட்டுரையை மேற்கோள் காட்டிருங்க. இல்லேன்னா படிக்கிறவன் நீங்க என்னுதைக் காப்பியடிச்சீங்கன்னு சொல்லுவான். உங்க நல்லதுக்குச் சொல்லுதேன். இல்ல, வேற தலைப்பு வேணுமா, தாரேன். இன்னும் ஒரு மூணு வருசம். உங்களுக்கு என்ன வயசு ஆயிருச்சு?"

அவளுக்கு முப்பத்தாறு.

திருடியவர் திருடு கொடுத்தவளைப் பார்த்து, திருட்டுப் பட்டம் வரும் ஜாக்கிரதை என்று எச்சரிக்கிறார். அதுவும் அன்பாக, அம்மா போட்டு. கத்தியைக் காட்டிப் பறிப்பவனிடம் ஒரு நேர்மை இருக்கிறது, தான் பறிக்கிறோம் என்று அவனுக்குத் தெரியும். படித்த மனிதர்களின் இந்தக் களவில் அதுவும் கிடையாது. இதைத் திருட்டு என்று சொல்லவே நம் ஊரில் யாரும் துணிவதில்லை. பெரியவர், துறைத் தலைவர், நாளைக்கு ஒரு கையெழுத்து வேண்டியிருக்கும் என்று பால்கோவாவைத் தின்றுவிட்டுப் போய்விடுகிறோம்.

வீட்டில் அவள் கணவர் நைனா முகமது சைக்கிள் கடையை அடைத்துவிட்டு வந்து எல்லாவற்றையும் கேட்டார். கணிதம் அவருக்குப் புரியவில்லை. மற்றதெல்லாம் புரிந்தது.

"நான் போயி அந்தாளு சட்டையைப் புடிக்கவா?"

"புடிச்சா சட்டைதான் கிழியும். எம்பேரு வராது."

"பொறவு என்னதான் செய்யச் சொல்லுத? ஓதிட்டு உக்காரவா?"

"ஓதவும் செய்வேன், உக்காரவும் மாட்டேன்" என்றாள் அவள்.

அன்று தொழுகையில் நின்றபோது கோபம் அடங்கும் என்று எதிர்பார்த்தாள். அடங்கவில்லை. ஸஜ்தாவில் நெற்றி தரையைத் தொட்டபோதும் ஐந்தாம் பக்கம் கண்ணில் நின்றது. முதலில் அதற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு, இந்தக் கோபத்தையும் கொடுத்தவன் அவன்தானே, காரணமில்லாமலா கொடுத்திருப்பான் என்று தோன்றியது. எழுந்து பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். ஆய்வுக் குழுவைக் கூட்டி விசாரிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

பதில் டிசம்பரில் வந்தது. ஜனவரியில், பொங்கலுக்கு முன்னால், குழு கூடும். வெளியிலிருந்து நாகர்கோவில் பேராசிரியை தங்கபாய் வருவார். 'தங்கள் கூற்றுக்கு ஆதாரம் கொண்டுவரவும்.'

ஆதாரமா? அவளுடைய முதல் இரண்டு பிரதிகளில் ஒன்று சமுத்திரத்திடம். இன்னொன்றில் தேதியே கிடையாது. இயந்திரத்தில் இருந்ததை மில் வேலைக்கு இடம் வேண்டும் என்று எப்போதோ அழித்தாகிவிட்டது.

மறுநாள் மதியமே மில்லுக்குப் போனாள். வாசலில் கையெழுத்துப் போட்டாள். அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

"வாங்க டீச்சரம்மா. ஆறு மாசமா ஆளையே காணோம். டாக்டராயிட்டீகளா? ஊசி போட வந்தீகளா?" என்று சிரித்தார் மலைச்சாமி.

அவள் சொல்லச் சொல்ல அவர் சிரிப்பு நின்றது. சொல்லி முடித்ததும் எழுந்து இரும்பு பீரோவைத் திறந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. 1989 என்று முதுகில் எழுதிய பைலை மேசையில் வைத்துத் திருப்பினார். மே 13. அவள் கையெழுத்து, வட்ட முத்திரை, மங்கலான கார்பன் நீலத்தில் இரண்டு, மூன்று, ஆறு. அடுத்த தாள் மே 20. நாலு எண்கள்.

"இதைத் தூக்கிப் போடலையாண்ணே?"

"அஞ்சு வருசம் வைக்கணும். அதுக்குப் பொறவு ரெண்டு பேரு முன்னாடி எரிக்கணும். பட்டாளத்துப் பழக்கம். இங்க எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பாக."

"நானும் சிரிச்சிருக்கேண்ணே."

"தெரியும், பார்த்திருக்கேன்."

அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுக்கப் பார்த்தார்கள். மூன்றாவது பிரதியின் நீலம் ஜெராக்ஸில் விழவில்லை. வெறும் சாம்பல் தாள்தான் வந்தது. மில் தாளை வெளியாளிடம் கொடுக்கவும் கூடாது.

"அப்ப என்னண்ணே செய்ய?"

"பைலு என் கையை விட்டுப் போகக்கூடாது. என் கை எங்க வேணாலும் போகலாம்லா? மேனேஜர்கிட்ட அரை நாள் லீவும் கேட் பாஸும் எழுதி வாங்கிக்கிடுதேன். நாம ஒளிச்சு ஒண்ணும் செய்யலயே, இப்ப ஒளியறதுக்கு."

குழு கூடிய அன்று மலைச்சாமி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், பைலை மடியில் வைத்து, துறை வராந்தா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் தங்கபாயும் பல்கலைக்கழக அதிகாரி ஒருவரும். இந்தப் பக்கம் சமுத்திரம். அசீனாவுக்குச் சுவரோரம் நாற்காலி போட்டிருந்தார்கள்.

தங்கபாய் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். கட்டுரையைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார்.

"இந்த முறை யாரோடது சார்?"

"என்னுதுதான். இந்த அம்மாவும் நல்ல உழைப்பாளி, இல்லேன்னு சொல்லல. மில்லுல கம்ப்யூட்டர் இருக்கு, போய் அடிச்சிட்டு வாங்கன்னு அனுப்பிச்சேன். அடிச்சவங்களுக்கு இப்ப ஆசை வந்திருச்சு. பொம்பளைகளுக்கு மனசு எளகினது பாருங்க, கூட உழைச்சதும் எல்லாம் தன்னுதுன்னு..."

"நானும் பொம்பளைதான் சார்" என்றார் தங்கபாய், தலை நிமிராமல். அதிகாரி இருமினார்.

"அப்ப கணக்குப் போட்டது நீங்க. இவங்க டைப் மட்டும் அடிச்சாங்க."

"ஆமா."

"நல்லது. எனக்கு ஒரு சந்தேகம். அஞ்சாம் பக்கம். துணியில இரண்டு, ஆறு. கோட்டுல மூணு. துணி முடியற முனைப் புள்ளிய எந்த அடுக்குல வச்சீங்க?"

சமுத்திரம் கட்டுரையைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். அந்தக் கட்டுரையை அவர் அவ்வளவு கவனமாகப் பார்த்தது அன்றுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

"அது... கோட்டுலதான் வரும்."

"வராதே சார். அந்தப் பக்கம் துணி இருக்கு, இந்தப் பக்கம் இல்ல. அங்க வெட்டோட வடிவமே மாறுது. ஏழு எங்க?"

சமுத்திரத்தின் கழுத்தில் வியர்த்திருந்தது. பிறகு அவர் தலையை ஆட்டி, வருத்தமாகச் சிரித்தார்.

"பார்த்தீங்களா மேடம், இதுக்குத்தான் மத்தவங்களை நம்பக்கூடாதுங்கிறது. கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டவங்க அந்தப் புள்ளிய விட்டுட்டாங்க. நானும் நம்பி அனுப்பிட்டேன்."

"கணக்குப் போட்டவங்க யாரு?"

"இந்தா, இவங்கதான்."

சொன்ன பிறகுதான் அவர் வாய் நின்றது. தங்கபாய் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இப்பத்தானே டைப் மட்டும்னு சொன்னீங்க? சரியா இருந்தா நீங்க போட்டது, தப்பா இருந்தா அவங்க போட்டதா?"

அசீனா எழுந்தாள்.

"அந்தத் தப்பு என்னுதுதான் மேடம். வேற யாரும் அந்தத் தப்பைப் பண்ணியிருக்க முடியாது. கோடு வழவழப்பா இருக்கான்னு மட்டும் பார்த்து நிறுத்துற நிரலை நான்தான் எழுதினேன். ஒரு வாரம் அது தப்பா இருந்துச்சு. பொறவு திருத்திட்டேன். சார் அச்சுல போட்டது என்னோட அந்த ஒரு வாரத்தை. தேதி வெளியே இருக்கு."

மலைச்சாமியை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் பழக்க தோஷத்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். பைலை மேசையில் வைத்து, ஒரு கையை அதன் மேல் வைத்தபடியே இன்னொரு கையால் திருப்பினார். தங்கபாய் மே 13-ஆம் தேதித் தாளையும் அச்சான ஐந்தாம் பக்கத்தையும் அருகருகே வைத்து வரி வரியாகப் பார்த்தார். அதே குறிகள், அதே வரிசை, அதே விடுபடல். பிறகு மே 20. மலைச்சாமி கொண்டுவந்திருந்த மில் வாசல் பதிவேட்டின் நகலையும் பார்த்தார். இரண்டு வருடத்துச் சனிக்கிழமைகள் அத்தனையிலும் வந்தது அசீனா, போனது அசீனா. சமுத்திரத்தின் பெயர் ஒரு நாள்கூட இல்லை.

"நீங்க அந்த மில்லுக்கு ஒரு தடவையாவது போயிருக்கீங்களா சார்?" என்று அதிகாரி கேட்டார். அதுவரை வாய் திறக்காதவர்.

"என் மானத்தை வாங்கணும்னே கிளம்பியிருக்காங்க" என்று சமுத்திரம் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். அவர் மானத்தைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. ஐந்து வருடம் ஒரு பெண் உழைத்ததற்கு மானம் கிடையாதா? அந்தப் பொடி எழுத்து நன்றியை எழுதும்போது அவர் கை கொஞ்சமாவது தயங்கியிருக்குமா? எனக்குத் தெரியவில்லை. தயங்கியிருந்தால் நல்லது. தயங்கிய கைக்கு இன்னொரு நாள் நின்றுவிடவும் வாய்ப்பு உண்டு.

குழு அரை மணி நேரம் பேசியது. அசீனாவின் ஆய்வேட்டுக்குத் தங்கபாயே வழிகாட்டியாக இருப்பார், வேறு தலைப்பு வேண்டியதில்லை, முறை அவளுடையது என்று குறிப்பெழுதினார்கள். பத்திரிகைக்கு இன்றைக்கே ஒரு திருத்தக் கடிதம் போக வேண்டும், சமுத்திரம் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள்.

சமுத்திரம் ஒரு தாளை எடுத்து வேகமாக எழுதி நீட்டினார். தங்கபாய் படித்தார். 'கணினி உதவியாளரின் கவனக்குறைவால் ஏற்பட்ட பிழை...' அவர் அதை நாலாக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இது என்கிட்ட இருக்கட்டும். அசீனா, நீங்க எழுதுங்கம்மா."

அசீனா பேனாவை எடுத்தாள். சுற்றிலும் பார்த்தாள். "மேடம், கார்பன் தாள் இருக்குமா? ரெண்டு வேணும்." மலைச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று தாள்களுக்கு நடுவே இரண்டு கார்பனை வைத்துக் குண்டூசி குத்தி, அவள் எழுதினாள். இந்தக் கட்டுரையிலுள்ள முறையும் கணக்கும் அசீனாவால் செய்யப்பட்டவை. அட்டவணையில் ஏழு என்ற மதிப்பு விடுபட்டுள்ளது. அந்தப் பிழையும் அசீனாவுடையதே. அதை அவர் 1989 மே 20 அன்று திருத்தினார், திருத்தம் கட்டுரையில் சேர்க்கப்படவில்லை.

அங்கே கொஞ்சம் நிறுத்தினாள். அவள் மனதுக்குள் எழுதியிருந்த கடிதம் அதோடு முடிந்திருந்தது. ஆனாலும் இன்னொன்றும் உண்மைதானே. பற்களைக் கடித்துக்கொண்டு அதையும் எழுதினாள்: இத்தலைப்பை அவருக்குத் தந்தவர் பேராசிரியர் சமுத்திரம்.

சமுத்திரம் அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் மன்னிப்பு எதுவும் எழுதியிருக்கவில்லை. குனிந்து பேனாவை லேசாகத் தாளில் ஓட்டினார்.

"அழுத்திப் போடுங்க சார்" என்றார் மலைச்சாமி, பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "மூணாவதுல விழணும்."